வைத்தியர்களின் அயர்வு

வைத்திய மாணவர்களின் மனநலத்தைப் பற்றி ஆராய்வதற்காகத் தேசிய மருத்துவ ஆணையம் நியமித்த குழு 2024-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. 25,590 இளநிலை மாணவர்களும், 5,337 முதுநிலை மாணவர்களும் அக்குழுவின் கேள்விகளுக்கு விடையளித்தனர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தமக்குத் தோன்றியதுண்டென்று ஒப்புக்கொண்டவர்கள் இளநிலையாரில் நூற்றுக்குப் பதினாறு பேர். முதுநிலையாரில் நூற்றுக்கு முப்பத்தொருவர். பிறர் உயிரைக் காக்கக் கற்கும் முதுநிலை வாலிபர்களில் ஏறக்குறைய மூவருக்கு ஒருவர் வீதம் தம் உயிரையே பாரமாகக் கருதும் நிலை வந்திருக்குமாயின், அது தேசத்திற்கு வந்த நோயென்றே நாம் சொல்வோம்.

இந்நோயின் காரணம் மறைபொருளன்று. ஓய்வின்றி இருபத்துநான்கு மணி, முப்பத்தாறு மணி என்று வார்டில் நிற்க வேண்டியிருக்கிறது. உறக்கமில்லை, வேளைக்கு உணவில்லை. நோயாளி இறந்தால் உறவினரின் கோபத்திற்கு முதலில் இலக்காகிறவர் முன்னே நிற்கும் இளம் வைத்தியரே. 2024 ஆகஸ்டில் கல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில் கொலையுண்ட பெண் வைத்தியர், நெடுநேரப் பணிக்குப்பின் சற்றுக் கண்ணயர இடம் தேடிக் கருத்தரங்க அறைக்குச் சென்றவர் என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சட்டம் இல்லையா எனில், இருக்கிறது. 1992-ஆம் ஆண்டிலேயே மத்திய சர்க்கார், பயிற்சி வைத்தியரின் தொடர்வேலை சாதாரணமாக நாளொன்றுக்கு 12 மணியையும், வாரத்தில் 48 மணியையும் மிஞ்சலாகாதென்று உத்தரவிட்டது. 2023-ஆம் ஆண்டு விதிகளோ ‘நியாயமான நேரம்’ என்று மட்டும் கூறி, எத்தனை மணி என்பதைக் கூறாமல் விட்டுவிட்டன. 2024-ஆம் ஆண்டுக் குழு வாரத்திற்கு 74 மணி என்று சிபார்சு செய்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் 48 என்பது 74 ஆயிற்று! எண்ணில்லாத விதியும், தண்டனையில்லாத விதியும் சட்டமாகா என்பது நீதிமன்றப் படி ஏறிய எவருக்கும் தெரியும்.

சிவகாசிவாசிகளுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. இங்கே மருந்து என்றால் வெடிமருந்து. ஓர் அறையில் நால்வருக்கு மேல் அமரலாகாது, இத்தனை கிலோவுக்கு மேல் மருந்து வைக்கலாகாது என்று விதி எண்ணிச் சொல்லுகிறது. அவ்வெண்ணை மீறியதே பல விபத்துக்களுக்குக் காரணமென்று விசாரணைகளில் மீண்டும் மீண்டும் வெளிப்பட்டிருக்கிறது. பாரம் மிஞ்சினால் அறை வெடிக்கும் என்பதை ஒப்புக்கொள்ளும் நாம், மனிதன் மட்டும் எத்துணைப் பாரத்தையும் தாங்குவானென்று நம்புவது என்ன நியாயம்?

இது வைத்தியர்களுடைய சுயநலக் கோரிக்கை என்று தொழிலாளத் தோழர்கள் எண்ணிவிடலாகாது. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெடிவிபத்தில் கருகியவர்களை எங்கே கொண்டு சென்றார்கள்? சிவகாசி ஆஸ்பத்திரிக்கும், மதுரை சர்க்கார் ஆஸ்பத்திரிக்குமே. தீப்புண்ணுக்கு மணிக்கணக்குப் பார்த்து நீர் ஏற்ற வேண்டும்; அளவு தவறினால் உயிர் தவறும். அக்கணக்கைப் போடும் வைத்தியர் இரண்டு இரவு உறங்காதவராயின், நஷ்டம் யாருக்கு? பணக்காரர் வேறிடம் போவார். ஏழைக்கு வேறிடமில்லை.

“நாங்களும் இப்படித்தான் பயின்றோம், வைத்தியம் ஒரு தவம்” என்று மூத்தோர் சிலர் கூறுவர். தவம் தானே மேற்கொள்வது. பிறர் சுமத்துவதற்குத் தவமென்று பெயரில்லை. வைத்தியர் போதவில்லையே என்பாருமுளர். நியூயார்க்கில் 1984-ஆம் ஆண்டு ஓர் இளம்பெண் ஆஸ்பத்திரியில் இறந்ததால் எழுந்த கிளர்ச்சியின் பயனாக, 1989-இல் அங்கே வாரத்திற்கு 80 மணி என்ற வரம்பு விதிக்கப்பட்டது. அங்கும் இதே ஆட்சேபம் கூறப்பட்டது; ஆஸ்பத்திரிகள் மூடப்படவில்லை.

2022 ஜனவரி 12-ந் தேதி விருதுநகர் உள்படத் தமிழ்நாட்டில் பதினொரு சர்க்கார் மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. அதே ஆண்டில் மாணவர்களுக்கென ‘மனம்’ என்னும் மனநல நல்லாதரவு மன்றத்தையும் சர்க்கார் தொடங்கியது. இரண்டையும் நாம் பாராட்டுகிறோம். ஆனால் உறக்கமின்மையால் வந்த நோய்க்கு ஆறுதல் மொழி மட்டும் மருந்தாகாது.

நமது யோசனைகள் மூன்று. ஒவ்வொரு கல்லூரியும் பயிற்சி வைத்தியரின் வேலை நேரப் பட்டியலை மாதந்தோறும் பகிரங்கப்படுத்த வேண்டும். வரம்பு மீறினால் அந்நிர்வாகத்திற்குத் தண்டனை விதிக்கும் சட்டம் வேண்டும். சோதிப்பவர் அந்நிர்வாகத்தின் கீழ் உள்ளவராக இருத்தலாகாது. காலி ஸ்தானங்களைத் தாமதமின்றி நிரப்ப வேண்டும்.

மனச்சோர்வைச் சொல்லிக்கொள்வது இழுக்கென்று கருதும் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சலுக்கு வெட்கப்படாத நீங்கள் இதற்கும் வெட்கப்பட வேண்டாம். 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் உதவி கிடைக்கும்.

தேச ஊழியர்களும் தொழிற்சங்கத்தாரும் இக்கோரிக்கையைத் தமதாக ஏற்க வேண்டும். எட்டு மணி வேலைக்காகப் போராடியவர்கள், தங்கள் புண்ணை ஆற்றுகிறவனின் உறக்கத்திற்காகவும் குரல் எழுப்புவார்களென்று நம்புகிறோம்.