தோட்டா யார் கணக்கில்?

“சார், கொறஞ்ச வெலைல நல்ல கைத்துப்பாக்கி எது? நீங்க பத்திரிகைல இருக்கீங்க, நாலு எடத்துல விசாரிச்சு சொல்லுங்களேன்.”

கேட்டவர் கூலிப்படை ஆசாமி இல்லை. மரக்காணம் உப்பளத்தை ஒட்டியிருக்கும் ஒரு இறால் பண்ணைக்கும், அதன் பக்கத்து உப்பு குடோனுக்கும் சேர்த்து ராத்திரிக் காவல் பார்ப்பவர். பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்தவர். என் வயதுதான் இருக்கும். என்னைவிடப் பத்து கிலோ குறைவு, முதுகு மட்டும் இன்னும் பரேடில் நிற்கிறது. மகள் பாண்டிச்சேரியில் நர்சிங் படிக்கிறாள். பென்ஷன் வீட்டுக்கு, இந்தச் சம்பளம் காலேஜுக்கு.

அவருடைய செக்யூரிட்டி ஏஜென்சி இப்போது ஒரு ஆசை காட்டியிருக்கிறது. ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டுக்கு ‘கன்மேன்’ வேண்டுமாம். இப்போது வாங்குவதைவிட மாதம் நாலாயிரம் கூடுதல். ஒரே ஒரு கண்டிஷன்: துப்பாக்கியும் லைசென்ஸும் அவரே கொண்டுவர வேண்டும். அதுவும் தோளில் மாட்டுகிற நீளத் துப்பாக்கி வேண்டாம், கெஸ்ட்டெல்லாம் பயந்துவிடுவார்களாம். இடுப்பில் செருகுகிற மாதிரி, சின்னதாக, டீசன்ட்டாக.

நான் பி.காம். படித்தவன். துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமா கொடுத்த ஞானம். ஆனால் டெபிட், கிரெடிட் தெரியும். சரி, அவருக்காகக் கணக்குப் போட்டுப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். போட்டு முடித்தபோது வந்த எரிச்சலைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் விலை. நம் ஊரில் ஆசைப்பட்ட துப்பாக்கியை வாங்கிவிட முடியாது. 9 மி.மீ., பாயிண்ட் 38 மாதிரியான ரகங்கள் சாதாரணக் குடிமகனுக்குத் தடை. மிஞ்சுவது பாயிண்ட் 32, பாயிண்ட் 22 வகையறா. 1980-களின் மத்தியில் இறக்குமதிக் கதவை இழுத்து மூடியதிலிருந்து பழைய வெளிநாட்டுச் சரக்கு பரம்பரை நகை மாதிரி லட்சக்கணக்கில் கைமாறுகிறது. அதனால் பெரும்பாலோருக்கு அரசுத் தொழிற்சாலைச் சரக்குதான் கதி. 2014-ல் கான்பூரிலிருந்து ‘நிர்பீக்’ என்று ஒரு பாயிண்ட் 32 ரிவால்வர் வந்தது. பெண்களின் தற்காப்புக்கு என்று விளம்பரம் செய்தார்கள். அரைக் கிலோ எடை. விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய்ச் சொச்சம். எந்தப் பெண் வாங்கினாரோ! பிறகு இஷாப்பூரிலிருந்து ‘நிடர்’ வந்தது. பாயிண்ட் 22, கால் கிலோ. அது வந்த காலத்தில் சுமார் 35 ஆயிரம் என்றார்கள்.

மாதம் நாலாயிரம் கூடுதல் என்றால், 2014-ன் அந்த நிர்பீக் விலையை எடுப்பதற்கே முப்பது மாதம் வேண்டும். அதாவது இரண்டரை வருஷம் நம் ஹவில்தார் ராத்திரி முழுக்க விழித்திருந்து சம்பாதிப்பது துப்பாக்கிக்குத்தான் சரியாகப் போகும். லைசென்ஸ் கட்டணம், பயிற்சிச் சான்றிதழ், தோட்டா, விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடக்கிற பஸ் சார்ஜ் எல்லாம் தனி.

வரியைக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி.யை மாற்றியமைத்தார்களே, அப்போது ரிவால்வர், பிஸ்டலுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 40 ஆனது. அதே 40 சதவீத வரிசையில் கூட நிற்பவை எவை தெரியுமா? உல்லாசப் படகு, சொந்த உபயோகத்துக்கான விமானம், புகை பிடிக்கிற பைப். துப்பாக்கிக்கு வரி போடட்டும், எனக்கு ஆட்சேபமே இல்லை. எவ்வளவு குறைவாக விற்கிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் உல்லாசப் படகு வைத்திருப்பவரைக் காவல் காக்கப் போகிற ஆள், படகுக்காரர் கட்டுகிற அதே வரியைத் தன் பாக்கெட்டிலிருந்து கட்டவேண்டும் என்றால், ஏஜென்சிக்காரரின் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள்!

காமர்ஸில் ‘தேய்மானம்’ என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். மெஷின் வாங்கினால், வருஷா வருஷம் அதன் மதிப்பு குறைவதை முதலாளி தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம், வரியும் குறையும். இங்கே மெஷின் தொழிலாளியுடையது. எழுதிக்கொள்ள அவரிடம் எந்த லெட்ஜர் இருக்கிறது? மரக்காணத்தில் தேய்மானம் என்பது வெறும் கணக்கு வார்த்தையும் அல்ல. அந்தக் காற்றில் கதவுக் கீல், சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி எதுவும் ஒழுங்காக இருந்ததில்லை. அவருடைய கொட்டகையில் தொங்கும் பூட்டை நானே பார்த்தேன், துரு பிடித்து ஒரு காய்ந்த நெல்லிக்காய் மாதிரி இருந்தது. அங்கே ஒரு இரும்புக் கருவியைத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்துக் காபந்து பண்ணுகிற வேலைக்கும் சம்பளம் கிடையாது.

“பட்டாளத்துல பூட்ஸ் லேஸ்கூட கவர்மென்ட்து சார்” என்றார் அவரே. அங்கே துப்பாக்கி ஆயுத அறையில் இருக்கும், ‘கோத்’ என்பார்கள். டியூட்டிக்குப் போகும்போது கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும், வந்ததும் தோட்டாவை எண்ணி ஒப்படைக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துக் குதிரைப்படையில் சில்லாதார் முறை என்று ஒன்று இருந்தது. சிப்பாயே சொந்தக் குதிரையோடு வந்து சேரவேண்டும். முதல் உலகப் போரோடு அதற்கே மங்களம் பாடிவிட்டார்கள். நம் செக்யூரிட்டி கம்பெனிகள் அதைத் தூசி தட்டி எடுத்திருக்கின்றன. இந்த ஒரு ஏஜென்சி என்றில்லை. ‘சொந்தத் துப்பாக்கி உள்ள முன்னாள் ராணுவத்தினருக்கு முன்னுரிமை’ என்ற வரியை நீங்களும் வரி விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். சொந்தமாக பைக் வைத்திருந்தால் நல்லது என்று சேல்ஸ்மேனுக்குப் போடுவார்களே, அதே தொனி.

பணத்தோடு போனால் பரவாயில்லை.

லைசென்ஸ் விண்ணப்பத்தில் துப்பாக்கி எதற்கு என்று கேட்பார்கள். தற்காப்பு என்றால், உங்கள் உயிருக்கு யாரால், என்ன ஆபத்து என்று போலீஸ் விசாரிக்கும். நம்மவர் உயிருக்கு ஒரு ஆபத்தும் கிடையாது. ஆபத்து இருந்தால் அது ரிசார்ட் முதலாளியின் கல்லாப் பெட்டிக்குத்தான். ஆகவே அவர் முதல் படியிலேயே பொய் சொல்லவேண்டும். தன் உயிரைக் காக்க என்று வாங்கியதை இன்னொருத்தர் சொத்தைக் காக்க வாடகைக்கு எடுத்துப் போகவேண்டும். நாளைக்கு ஒரு குண்டு வெடித்தால், அரசு வக்கீல் கேட்கிற முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

வெடித்தால் என்ன ஆகும்? காக்கி போட்டதால் செக்யூரிட்டி போலீஸ் ஆகிவிட மாட்டார். உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே தற்காப்பு உரிமைதான் அவருக்கும். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். கொள்ளை, ராத்திரியில் வீடு உடைப்பு, தீவைப்பு, உயிர்ப் பயம் வரவைக்கும் திருட்டு என்று சில சந்தர்ப்பங்களில்தான் சொத்துக்காக உயிரை எடுக்கும் அளவுக்குப் போகலாம். இறால் பண்ணைக்கு யார் வருகிறான்? பக்கத்துக் குப்பத்துப் பையன் வீச்சு வலையோடு வருவான். இல்லாவிட்டால் காப்பர் வயருக்காக மோட்டாரைக் கழற்ற ரெண்டு பேர் வருவார்கள். அவர்களைச் சுட்டால் அதற்குப் பெயர் காவல் அல்ல, கொலை வழக்கு. 2021 ஜூனில் உத்தரப் பிரதேசம் பரேலியில், ஒரு வங்கிக் கிளையில் மாஸ்க் போடாத தகராறில் காவலாளி வாடிக்கையாளரைச் சுட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? கைதானது காவலாளி. 

‘அதெல்லாம் வடக்கே’ என்பவர்களுக்கு நம் தூத்துக்குடி இருக்கிறது. 2013 அக்டோபர் 12-ல் ‘சீமேன் கார்டு ஓஹையோ’ என்ற கப்பலைக் கடலோரக் காவல் படை பிடித்தது. கடற்கொள்ளைக்காரர்களிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்க ஆள் அனுப்பும் அமெரிக்க செக்யூரிட்டி கம்பெனி ஒன்றின் கப்பல் அது. உள்ளே 35 பேர். பிரிட்டன், எஸ்டோனியா, உக்ரைன் நாட்டுக்காரர்கள், கூடவே நம்மவர்கள் 12 பேர். 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துச் சொச்சம் தோட்டாக்கள். உரிய அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நம் கடலுக்குள் இருந்தார்கள் என்று வழக்கு. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று இழுத்து, 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டு சிறை விதித்தது. 2017 நவம்பர் 27-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அத்தனை பேரையும் விடுதலை செய்தது.

விடுதலைதான். ஆனால் நடுவில் போன நாலு வருஷம்? அந்த பிரிட்டிஷ்காரர்கள் முன்னாள் ராணுவத்தினர், நம் ஹவில்தார் மாதிரியே பட்டாளம் முடித்து செக்யூரிட்டி வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஊரில் கையெழுத்து வாங்கி அலைந்தார்கள். பர்மிட், லைசென்ஸ், எல்லைக் கோடு எல்லாம் பார்க்கவேண்டியது கம்பெனி. புழலில் களி தின்றது கப்பலில் இருந்தவர்கள். அங்கேயாவது துப்பாக்கி கம்பெனி கொடுத்தது. மரக்காணத்துக்காரருக்கு அதுகூட இல்லை. ஏதாவது நடந்தால் ஏஜென்சி சுலபமாகக் கைகழுவிவிடும்: “துப்பாக்கி அவருடையது சார், எங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

இன்னொரு வேடிக்கை. தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் 2005-ல் வந்தது. அதற்கு மத்திய அரசு போட்ட மாதிரி விதிகளில் காவலருக்கு 160 மணி நேரம் பயிற்சி, முன்னாள் ராணுவத்தினருக்கு அதில் சலுகை என்றிருக்கிறது. தீயணைப்பு, முதலுதவி, கூட்டக் கட்டுப்பாடு என்று நல்ல பாடத்திட்டம்தான். துப்பாக்கியைக் கையாளுவது அதில் எப்படி இருக்கிறது? விருப்பப் பாடம்! நான் பி.காமில் எடுத்த ஹிந்தி மாதிரி.

தேர்தல் வந்தால் இன்னும் தமாஷ். நடத்தை விதி அமலுக்கு வந்ததும், விலக்கு வாங்காதவர்கள் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மார்ச் நடுவில் விதி வந்தது, ஓட்டு எண்ணியது ஜூன் 4-ல். அந்த இரண்டரை மாதமும் கன்மேன் வெறும் மேன். நாலாயிரம் கிடைக்குமா என்று ஏஜென்சியைக் கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் நான் அவரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “எல்லாம் சரி சார். ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க வந்து அந்த வரப்புல தனியா நின்னு பாருங்க. எதுத்தாப்புல நாலு பேர் கத்தியோட வந்தா சட்டப் புஸ்தகத்தையா காட்டுவீங்க?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. நான் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து எழுதுகிறவன். அவர் பயம் நிஜம். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பயத்துக்கு விலை கொடுக்கவேண்டியது அவர் அல்ல. நாலு பேர் வருவார்கள் என்றால் ஏன் ஒரே ஒரு ஆள் போட்டிருக்கிறீர்கள்? இரண்டாவது ஆளின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறீர்கள், அதற்குப் பதிலாக ஒருவரையே சொந்தக் காசில் துப்பாக்கி வாங்கச் சொல்கிறீர்கள். சுற்றிலும் நாலு விளக்கு, ஒரு சைரன், மரக்காணம் ஸ்டேஷன் நம்பர், ஓடுகிற ஜெனரேட்டர், மழைக்கு ஒதுங்க ஒரு கான்கிரீட் அறை, இவை எதுவும் அந்தப் பண்ணையில் இல்லை. 2020-ல் நிவர் புயல் அந்தப் பக்கம்தான் கரையேறியது. 2024-ல் ஃபெஞ்சல் வந்தபோது உப்பளம் எது, ஏரி எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. அந்த ராத்திரியும் அவர் அதே கீற்றுக் கொட்டகையில்தான் இருந்தார். அதற்கு எந்த பாயிண்ட் 32 உதவும்?

உண்மையிலேயே ஆயுதம் அவசியமா? தாராளமாக வையுங்கள். பல வங்கிகள் செய்வதுபோல நிறுவனத்தின் பெயரில் லைசென்ஸ் வாங்கி, காவலர் பெயரை அதில் முறைப்படி சேர்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி உங்கள் பீரோவில் இருக்கட்டும், தோட்டாவுக்கு உங்கள் ரிஜிஸ்டர், பயிற்சிக்கு உங்கள் செலவு, இன்ஷூரன்ஸுக்கு உங்கள் பிரீமியம். வழக்கு வந்தால் உங்கள் வக்கீல். இத்தனையும் செய்யச் சொன்னால் பாதி ரிசார்ட்டுகள் ‘கன்மேன் வேண்டாம், ரெண்டு வாட்ச்மேன் போதும்’ என்று சொல்லிவிடும், பந்தயம் கட்டுகிறேன்.

கிளம்பும்போது அவர் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டார். பீகார்ப் பக்கத்திலிருந்து சில ஆயிரத்துக்கே ‘சாமான்’ கிடைக்கும் என்று ஏஜென்சி சூப்பர்வைசர் ஒருத்தர் காதைக் கடித்தாராம், லைசென்ஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முங்கேர் கள்ளத் துப்பாக்கி! 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தாலே குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து வருஷம் உள்ளே. பென்ஷனுக்கே வேட்டு வரலாம். அதைச் சொன்னவர் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சிரித்தார்.

போன வாரம் போன் செய்தார். ‘துப்பாக்கி உங்க பேர்ல வாங்கிக் குடுங்க, நான் தூக்கறேன்’ என்று ஏஜென்சியிடம் சொல்லியிருக்கிறார். யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். ரிசார்ட்டுக்கு வேறு ஆள் பார்ப்பதாகவும் கேள்வி. அவர் பழைய வேலையிலேயே தொடர்கிறார். ஒரு நல்ல சார்ஜிங் டார்ச் என்ன விலை வரும், மெட்ராஸிலிருந்து வாங்கி அனுப்ப முடியுமா என்று கேட்டார். பணம் யார் கொடுப்பது என்றேன்.

“நான்தான் சார், வேற யாரு?”