பக்கெட்டுக்காரர் மேல் பழி

‘வாசலுக்கு வந்து கார் கழுவுகிறவர்களைத் தடை செய்யணும், கூவம் கெடுகிறது’ என்கிறார் வாட்டர் வாஷ் கடை நடத்தும் நண்பர். பாதி உண்மை. சென்னையில் மழைநீர் வடிகாலில் விழும் சோப்புத் தண்ணீர் நேரே ஆற்றுக்குத்தான் போகிறது. ஆனால் விடியற்காலையில் அடுக்குமாடிக் கார்களைத் துடைப்பவர் கையில் இருப்பது ஒரு பக்கெட், ஒரு பழைய பனியன் துணி. இரண்டாம் முறை நனைத்ததுமே தண்ணீர் கறுத்துவிடும். அதிலேயே அடுத்த காரையும் முடித்துவிடுவார். (கீறல் விழும், அது வேறு வழக்கு.) நண்பர் கடையில் பிரஷர் கன் போர்வெல் தண்ணீரைப் பீய்ச்சியபடியே இருக்கிறது. தண்ணீர்ப் பஞ்சத்தில், 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. கிரீஸ் கலந்த கழிவுநீருக்கு எண்ணெய் பிரிக்கும் தொட்டி இருக்கிறதா என்று கேட்டேன். ‘கட்டணும்’ என்றார். முதலில் கட்டட்டும்.