இருளில் உழைக்கும் சுரப்பி



நகரத்தின் ஓரறை வீடுகளில் அநேகர் நள்ளிரவு வரை குழல்விளக்கை அணைப்பதில்லை. ஒருவர் அப்போதுதான் வேலை முடிந்து வருவார். மற்றொருவர் தேர்வுக்குப் படிப்பார். அருகிலேயே குழந்தை உறங்கும். “கண்தான் மூடியிருக்கிறதே, வெளிச்சம் என்ன செய்துவிடும்?” என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை தேடியவர்கள் முதலில் எலியைத்தான் ஆராய்ந்தார்கள்.

நம் மூளையின் நடுவே பினியல் என்னும் சிறு சுரப்பி உண்டு. எலிக்கு அது ஏறக்குறைய 1 மில்லிகிராம் எடையே. பகலில் அதில் செரோடோனின் நிறைந்திருக்கும். இருள் சூழ்ந்தபின் ஒரு நொதி மெல்ல மெல்லப் பலமடங்கு பெருகி அதை மாற்றத் தொடங்கும். அடுத்த படியில் வேறொரு நொதி அதனை மெலடோனின் ஆக்கும். உடலுக்கு இரவை அறிவிப்பது இந்த மெலடோனினே. 1958இல் ஆரோன் லெர்னர் மாடுகளின் பினியல் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அவர் தோல் மருத்துவர். தேடியதோ தோலின் நிறத்தை மாற்றும் பொருளை!

1972இல் அமெரிக்காவின் டேவிட் கிளைனும் ஜோன் வெல்லரும் இரவு வேளையில் எலிகளின்மேல் வெளிச்சம் படச் செய்தார்கள். அந்த முதல் நொதியின் செயல் சுமார் 3 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துபோயிற்று. பெருகுவதற்கு மணிக்கணக்கு, குன்றுவதற்கோ நிமிடக்கணக்கு.

எலியின் பினியல் தானாக வெளிச்சத்தைக் காண்பதில்லை. விழித்திரையின் செய்தி மூளையிலுள்ள கடிகாரப் பகுதிக்கும், தண்டுவடத்திற்கும், கழுத்தின் நரம்பு முடிச்சுக்கும் சென்று, சுற்றிவந்து சுரப்பியை அடைகிறது. இரவில் அந்நரம்பின் முனைகள் நார்அட்ரினலினைச் சுரந்து நொதியைப் பெருக்குகின்றன. வெளிச்சம் பட்டதும் அது தடைபட, நொதி சிதைந்துபோகிறது. கோழிக்குஞ்சின் காரியம் வேறு. அதன் பினியலைத் தனியே எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்தாலும் அது வெளிச்சத்தை உணரும்!

மனிதரிலும் பிரகாசமான வெளிச்சம் இரவின் மெலடோனினைக் குறைக்கிறது என்பதை 1980இல் ஆல்ஃபிரட் லூவியின் குழுவினர் காட்டினார்கள். சாதாரண அறைவிளக்கும் ஓரளவு அவ்வாறே செய்வது பின்னர் தெரியவந்தது. அதிலும் சிறுபிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட மிகுதியாகக் குறைகிறது. மூடிய இமை வெளிச்சத்தை வெகுவாய்க் குறைக்கும்; முற்றிலும் தடுக்காது. நீலம் மிகுந்த வெண்ணிற வெளிச்சமே இதில் வலியது; மங்கிய செம்மஞ்சள் ஒளியின் பாதிப்பு மிகக் குறைவு. ஆகவே படிக்கிறவருக்கு ஒரு சிறு மேசைவிளக்கு போதும். அது சுவரைப் பார்த்திருக்கட்டும், குழந்தையின் முகத்தை அல்ல.