பூமிக்கடியில் ஓடும் ரயில் யாருக்கு?

குமராட்சிப் பக்கத்திலிருந்து சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போய்வரும் தோழர்களுக்கு அண்ணா சாலை தெரியும். பெரியவர்கள் மவுண்ட் ரோடு என்று சொன்ன சாலைதான். இன்று அதன் அடியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. நந்தனம், தேனாம்பேட்டை, ஏ.ஜி.-டி.எம்.எஸ்., ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி., அரசினர் தோட்டம் என்று வரிசையாக நிலையங்கள். 2018 மே மாதம் ஒரு பகுதியும், 2019 பிப்ரவரியில் மறு பகுதியும் திறக்கப்பட்டன.

இது வந்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் இது சுலபமாக வந்ததல்ல. 2017 ஏப்ரலில் அண்ணா சாலை உள்வாங்கி ஒரு பஸ்ஸும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. அந்த மண்ணுக்குள் நின்றுதான் தொழிலாளி சுரங்கம் தோண்டினான்.

அவன் அதில் ஏற முடிகிறதா? உச்சக் கட்டணம் 50 ரூபாய். அட்டைக்குரிய 20 சதவீதத் தள்ளுபடி போனாலும் போக வர 80 ரூபாய். மாதம் 26 நாள் வேலை என்றால் 2,080 ரூபாய். கூலிக்காரன் குடும்பத்துக்கு இது அரிசிக் காசு.

சாதாரண நகரப் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. அந்தச் சலுகை சுரங்க ரயிலுக்கு ஏன் இல்லை? 70 ரூபாயாக இருந்த உச்சக் கட்டணம் 2021-ல் 50 ஆகக் குறைந்ததே! மனம் வைத்தால் இன்னும் குறைக்கலாம்.

நமது வீராணம் தண்ணீர் 2004 முதல் சென்னைக்குப் போகிறது. நமது உழைப்பும் போகிறது. தண்ணீரும் உழைப்பும் வேண்டும். உழைப்பாளிக்கு மட்டும் இடமில்லையா?

மத்திய, மாநில சர்க்கார்கள் சம பங்கு போட்டு நடத்தும் கம்பெனி இது. ஆகவே இரு சர்க்கார்களையும் கேட்கிறோம்: தொழிலாளிக்குக் குறைந்த விலையில் மாதப் பாஸ் கொடு! உழைக்கும் பெண்களுக்குக் கட்டணத்தை ரத்து செய்!