ஐசி எண்ணைக் கண்ட இடத்திலெல்லாம் கேட்பதை நிறுத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

'வருமான வரி பாக்கி' என்று தொலைபேசியில் மிரட்டி முதியவர்களின் சேமிப்பைச் சுருட்டும் கும்பல்களைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. தொகையும் ஊரும்தான் மாறுகின்றன. பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற கடைசி வரி மாறுவதே இல்லை. அந்த ஒரு வரியோடு அதிகாரிகள் தங்கள் கடமையை முடித்துக்கொள்வதை எதிர்த்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

தாப்பாவில் எங்கள் தாமானில் ஓர் அம்மா இருக்கிறார். இளம் வயதில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உரம் போடும் வேலை செய்து, ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தோடு ஓய்வு பெற்றவர். ஒருநாள் காலையில் அவருக்கு அழைப்பு வந்தது. உள்நாட்டு வருமான வாரியத்து அதிகாரி என்று பேசியவன் அவருடைய முழுப்பெயரையும் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் பழைய தோட்டத்து முகவரியையும் படித்துக் காட்டினான். உங்கள் ஐசியில் ஜொகூரில் ஒரு நிறுவனம் பதிவாகியிருக்கிறது, வரி கட்டவில்லை, கைது ஆணை தயார் என்றான். அடுத்து 'போலீஸ் சார்ஜன்' ஒருவன் இணைப்பில் வந்தான். விசாரணை ரகசியமானது, பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களும் வழக்கில் சிக்குவார்கள் என்று மிரட்டினான். விசாரணை முடியும்வரை 'பாதுகாப்பாக' வைப்பதாகச் சொல்லி ஒரு கணக்கு எண்ணைக் கொடுத்தான். போன பணம் திரும்பவில்லை.

"என் ஐசி நம்பர ஒரு எழுத்து பிசகாம சொன்னான் தம்பி. அரசாங்கத்து ஆள் இல்லாம வேற யாருக்கு அது தெரியும்?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

யாருக்குத்தான் தெரியாது? கைப்பேசிக்கு சிம் வாங்கினால் ஐசி. தவணையில் மோட்டார்சைக்கிள் எடுத்தால் முன்னும் பின்னும் நகல். வீடு வாடகைக்கு, பிள்ளையின் பள்ளிப் பாரத்துக்கு, சங்கத்தில் உறுப்பினராக, இலவச மருத்துவ முகாமில் பெயர் கொடுக்க, குலுக்கல் கூப்பனில் எழுத என்று எல்லாவற்றுக்கும் அந்த எண் வேண்டும். காவலாளி கூண்டில் ஐசியையே வாங்கி வைத்துக்கொள்ளும் கட்டடங்களும் உண்டு. அந்த நகல்களெல்லாம் எந்த அலமாரியில் கிடக்கின்றன, எப்போது கிழிக்கப்படுகின்றன என்று நாமும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

அந்த 12 இலக்கங்களில் ரகசியம் என்று எதுவும் இல்லை. முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராக்கில் பிறந்த பலருக்கு அது 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இப்படித் திறந்து கிடக்கும் ஓர் எண்ணை, சொல்பவர் யார் என்பதற்கே அத்தாட்சியாக முகப்பிடங்களும் தொலைபேசிச் சேவைகளும் ஏற்றுக்கொள்கின்றன. மோசடிக்காரன் பிடித்துக்கொண்டிருப்பது இந்தப் பழக்கத்தைத்தான்.

எண்கள் கொத்துக் கொத்தாக வெளியே போனதும் நாடறிந்தது. 2017-இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தன. பெயர், முகவரி, ஐசி எண் எல்லாம் அதில் இருந்தன. 2022-இல் 2 கோடியே 25 லட்சம் மலேசியர்களின் விவரங்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்ததாகச் செய்தி வந்தது. அவை தேசியப் பதிவிலாகாவிலிருந்து போகவில்லை என்று அன்றைய உள்துறை அமைச்சர் டத்தோ ஸ்ரீ ஹம்சா சைனுடின் மறுத்தார். எங்கிருந்து போயிருந்தாலும் எங்கள் ஐசி எண்ணை நாங்கள் மாற்றிக்கொள்ள முடியாது. வங்கி அட்டை தொலைந்தால் புது எண் கிடைக்கும். ஐசி எண் சாகும்வரை அதேதான்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதன் 3-வது பிரிவு கூட்டரசு அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. 2024-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அபராத உச்சவரம்பு 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமானது. 2025 ஜூன் 1 முதல் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் வந்தது. இவை நல்ல திருத்தங்கள், வரவேற்கிறேன். ஆனால் அரசாங்கத்துக்கான விலக்கில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. மக்களைப் பற்றி மிக அதிகமான விவரங்களைக் கையில் வைத்திருக்கும் தரப்பை வெளியே விட்டுவிட்டு, தோட்டத்து முதியவரைப் பார்த்து எச்சரிக்கையாக இரு என்பது எந்த விதத்தில் நியாயம்?

அந்த அம்மாவுக்கு வரி பாக்கி இருக்கவே வழியில்லை. இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை முழுதாக வாங்கினால்கூட ஆண்டுக்கு 20,400 ரிங்கிட்தான். ஈபிஎஃப் பிடித்தம் போக ஆண்டு வருமானம் ஏறத்தாழ 34,000 ரிங்கிட்டைத் தாண்டினால்தான் வரிக் கோப்பு திறக்கும் பேச்சே வரும். ஓய்வுக்குப் பின் எடுக்கும் ஈபிஎஃப் பணத்துக்கு வருமான வரி கிடையாது. இந்த மூன்று விஷயங்களையும் அவருக்குத் தமிழில் யாராவது சொல்லியிருந்தால் தொலைபேசியை வைத்திருப்பார். எஸ்டிஆர் உதவித்தொகைக்கு மனு செய்வதும் உள்நாட்டு வருமான வாரியத்தின் வழியாகத்தான் என்பதால், அதன் பெயரைக் கேட்டதும் பணிந்து பேசுவதுதான் எங்கள் மக்களின் வழக்கம். நான் அலுவலக முகப்பிடங்களில் பார்த்த மோசடி எச்சரிக்கைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தன. மின்னல் எஃப்எம்மில் நாள்தோறும் இரண்டு நிமிடம் ஒதுக்கி வரி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று வாரியமே சொல்லட்டும்.

அண்டை நாடான சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் முதல், சட்டம் கேட்கும் இடங்களிலும் ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய இடங்களிலும் தவிர, தனியார் நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணையோ நகலையோ வாங்கிச் சேர்த்து வைக்க முடியாது. அந்த எண்ணைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்தக் கூடாது என்றும் அந்நாட்டு அரசாங்கம் சொல்லிவிட்டது. இங்கேயும் அப்படி ஒரு தடை வேண்டும். கேட்பவர் எந்தச் சட்டத்தின்படி கேட்கிறார், எத்தனை நாளில் அழிப்பார் என்பதை எழுதிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்க வேண்டும். அரசாங்க இலாகாக்களுக்கும் அதே விதி வேண்டும்.

வாசகர்களுக்கு ஒன்று. உள்நாட்டு வருமான வாரியம் எந்தத் தனிநபர் கணக்குக்கும் பணம் போடச் சொல்லாது. வரிக் கணக்கை வாரியத்தின் மைடேக்ஸ் அகப்பக்கத்திலோ ஈப்போ கிளைக்கு நேரில் போயோ சரிபார்க்கலாம். விசாரணை என்று சொல்லி வீட்டாரிடம் மறைக்கச் சொல்பவன் போலீஸ் அல்ல. பணம் கைமாறிவிட்டால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடிப் பதில் மையத்தின் 997 எண்ணை உடனே அழையுங்கள். வங்கிகளும் போலீசும் அதில் சேர்ந்து செயல்படுவதால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள். மோசடிப் பணத்தைக் கைமாற்ற, வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்டு இந்தக் கும்பல்கள் நம் இளைஞர்களிடம் வருகின்றன. கொடுப்பதும் குற்றம் என்று 2024-இல் தண்டனைச் சட்டத்தில் 424ஏ முதலான பிரிவுகளைச் சேர்த்திருக்கிறார்கள். நூறு, இருநூறு வெள்ளிக்காக அந்த வழக்கில் போய் நிற்காதீர்கள்.

பேராக்கிலிருந்து நாடாளுமன்றம் சென்றிருக்கும் உறுப்பினர்கள், குறிப்பாகத் தோட்டப்புற மக்களின் வாக்கைப் பெற்றவர்கள், அடுத்த கூட்டத்திலேயே தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு பற்றிக் கேள்வி எழுப்ப வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
தாப்பா, பேராக்.