ஆண்-ஆண் காதல் கதை எழுதினால் சிறையா? இளம் பெண் எழுத்தாளர்களைத் தேடிவரும் சீன போலீஸ்... என்ன நடக்கிறது?

ஒரு சின்ன ஊர். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அங்கே இரண்டு ஆண்கள், வெளியே சொல்ல முடியாத ஒரு காதல். கூடவே ஒரு கொலை, அல்லது காணாமல்போன ஒருவர், அல்லது நள்ளிரவில் வாசலில் வந்து நிற்கும் ஒரு கார். யார் பார்த்தார்கள், யார் போட்டுக்கொடுப்பார்கள் என்ற பதற்றத்திலேயே கதை நகரும். எவ்வளவு ரத்தம் சிந்தினாலும் கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள்.

தன்பாலீர்ப்பு ரொமான்டிக் சஸ்பென்ஸ் நாவல்களின் ஃபார்முலா கிட்டத்தட்ட இதுதான். அமெரிக்காவில் இதற்கென்றே தனி வாசகர் கூட்டம் இருக்கிறது. சீனாவில் இதன் உறவுக்கார வகை ஒன்று, வெப் சீரிஸ், அனிமேஷன், மொழிபெயர்ப்பு என்று பெரிய வியாபாரமாகவே வளர்ந்தது. அதன் பெயர் 'தான்மெய்'. ஆனால் கடந்த சில ஆண்டுகளாக, இந்தக் கதைகளை எழுதியவர்களின் வாசலிலேயே போலீஸ் வந்து நிற்க ஆரம்பித்திருக்கிறது. அப்படி என்னதான் எழுதிவிட்டார்கள்?

என்ன நடந்தது?

தைவானில் இருந்து இயங்கும் 'ஹைடாங் லிட்டரேச்சர் சிட்டி' என்ற இணையதளம்தான் பிரச்னையின் மையம். வயது வந்தோருக்கான கதைகள் வெளியாகும் தளம் அது. சீனாவுக்குள் இருந்து நேரடியாகத் திறக்காது, வி.பி.என் போட்டுத்தான் உள்ளே போக முடியும். எழுதுபவர்களில் பெரும்பாலானோர் சீனாவில் இருக்கும் இளம் பெண்கள். படிப்பவர்களும் அவர்களே.

2024-ம் ஆண்டின் நடுவில், அன்ஹுய் மாகாணத்தில் உள்ள ஜிஷி என்ற சிறிய கவுன்ட்டியின் போலீஸார் இந்தத் தளத்தில் எழுதியவர்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். கவுன்ட்டி என்றால் நம்ம ஊர் தாலுகா மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். அதிகம் சம்பாதித்த எழுத்தாளர்கள் சிலருக்கு அந்த ஆண்டு இறுதியில் சிறைத்தண்டனை விழுந்தது. சம்பாதித்த பணத்தைத் திருப்பிக் கட்டியவர்களுக்குத் தண்டனை குறைந்ததாகச் செய்திகள் வந்தன.

அதோடு முடியவில்லை. 2025-ல் வடமேற்கே கான்சு மாகாணத்தின் லான்ஜோ நகர போலீஸ் களத்தில் இறங்கியது. இந்த முறை சிக்கியவர்கள் பெரும்பாலும் சின்ன எழுத்தாளர்கள். 20-களில் இருக்கும் பெண்கள், கல்லூரி மாணவிகள், இப்போதுதான் வேலைக்குப் போக ஆரம்பித்தவர்கள். பிப்ரவரி தொடங்கி குறைந்தது 30 பேர் கைது செய்யப்பட்டதாக, அவர்களில் ஒருவரின் வழக்கறிஞர் பி.பி.சி-யிடம் சொன்னார். இதுபற்றிய ஹேஷ்டேக் வெய்போவில் 3 கோடிக்கும் அதிகமான பார்வைகளைப் பெற்றது. அப்புறம் வழக்கம்போல அதுவும் காணாமல்போனது.

அந்தச் சில நாள்களில் அவர்கள் எழுதிய பதிவுகளைப் படித்தால் மனசு கனத்துப்போகும். ஒரு மாணவியை வகுப்பில் இருந்து வெளியே அழைத்திருக்கிறார்கள். சக மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஹாஸ்டல் அறையைச் சோதனை போட போலீஸ் பின்னாலேயே போயிருக்கிறது. சிலர் பல ஆண்டுகள் எழுதிச் சம்பாதித்ததே சில ஆயிரம் யுவான்தான். நம்ம கணக்கில் ஒரு மாத வாடகை, இ.எம்.ஐ அளவுக்கான பணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். சீனாவில் தன்பாலீர்ப்பு குற்றம் இல்லை. 1997-ல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டபோது, தன்பாலீர்ப்பு கொண்டவர்களைப் பிடிக்கப் பயன்பட்ட 'போக்கிரித்தனம்' என்ற குற்றப்பிரிவு நீக்கப்பட்டது. 2001-ல் மனநோய்ப் பட்டியலில் இருந்தும் தன்பாலீர்ப்பு எடுக்கப்பட்டது. காதலிக்கலாம், சேர்ந்து வாழலாம். திருமணத்துக்கு மட்டும் சட்ட அங்கீகாரம் கிடையாது.

எழுத்தாளர்கள் மீது பாய்வது ஆபாசத்தைத் தயாரித்து லாபம் பார்ப்பதற்கு எதிரான 363-வது பிரிவு. இதில் மூன்று படிகள். சாதாரணக் குற்றம் என்றால் 3 ஆண்டுகள் வரை. 'தீவிரம்' என்றால் 3 முதல் 10 ஆண்டுகள். 'மிகத் தீவிரம்' என்றால் 10 ஆண்டுகளுக்கு மேல், ஆயுள் தண்டனைகூட விதிக்கலாம்.

எது தீவிரம் என்பதை யார் முடிவு செய்வது? இங்கேதான் சிக்கல். 2004-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விளக்கம் கொடுத்தது. இணையத்தில் வெளியிட்டு 10,000 யுவான் சம்பாதித்தாலோ, 10,000 கிளிக் வாங்கினாலோ கிரிமினல் வழக்கு. அதைப்போல 5 மடங்கு தாண்டினால் தீவிரம். 25 மடங்கு, அதாவது 2.5 லட்சம் யுவானைத் தாண்டினால் மிகத் தீவிரம். இன்றைய மதிப்பில் அது சுமார் 30 லட்சம் ரூபாய்.

2004-ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஸ்மார்ட்போன் பரவலாகாத காலம். ஆபாசப் படத் தளம் நடத்தும் கும்பல்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. இன்று ஓரளவு ஓடும் ஒரு தொடர்கதைக்கு 10,000 கிளிக் என்பது ஒரு வாரத்துக்குக்கூடத் தாங்காது. இருபது வருடமாக விலைவாசி எங்கேயோ போய்விட்டது, அந்த எண்கள் மட்டும் அங்கேயே நிற்கின்றன. 2017-ல் கிளவுட் ஸ்டோரேஜ் வழக்குகளில் மட்டும், எண்ணிக்கையை வைத்தே தண்டனையை முடிவு செய்யாதீர்கள் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. நாவலுக்கு அந்தச் சலுகை வரவில்லை.

இன்னொரு பழைய காகிதமும் இருக்கிறது. 1988-ல் பத்திரிகை, வெளியீட்டுத் துறை போட்ட விதி. எதெல்லாம் ஆபாசம் என்று பட்டியல் போடும்போது, தன்பாலீர்ப்பு உறவை விவரிப்பதை 'பாலியல் வக்கிரங்கள்' என்ற வார்த்தையோடு சேர்த்து ஒரே வரியில் வைத்துவிட்டது. 1997-ம் 2001-ம் வந்துபோன பிறகும் அந்த வரி போகவில்லை. வாழ்க்கையில் குற்றமில்லை, காகிதத்தில் மட்டும் வக்கிரம்!

அதே விதியில் கலை மதிப்புள்ள படைப்புகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் கலையா இல்லையா என்று யார் சொல்வது? ஜியா பிங்வா என்ற பிரபல எழுத்தாளரின் நாவல் ஒன்று ஆபாசம் என்று 1993-ல் தடை செய்யப்பட்டது. 2009-ல் மறுபடி வெளிவந்தது. அது ஆண்-பெண் கதை, எழுதியவரும் பெரிய பெயர். புனைபெயரில் எழுதும் 22 வயதுப் பெண்ணுக்கு அப்படிக் காத்திருக்க நேரமும் இல்லை, வாதாட ஆளும் இல்லை.

இது முதல் முறையா?

இல்லை. 2018-ல் தியான்யி என்ற புனைபெயரில் எழுதிய பெண்ணுக்கு அன்ஹுய் மாகாணத்தின் வூஹு பகுதி நீதிமன்றம் பத்தரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. ஒரு ஆண்-ஆண் நாவலை அச்சிட்டு விற்றார், 7,000 பிரதிகளுக்கு மேல் போனது, ஒன்றரை லட்சம் யுவான் வந்தது என்பது வழக்கு. பாலியல் வன்கொடுமைக்கு சீனச் சட்டத்தில் அடிப்படைத் தண்டனையே 3 முதல் 10 ஆண்டுகள்தான். எழுதினால் அதைவிட அதிகமா என்று அப்போதே சீன சமூக வலைதளங்களில் கொதித்தார்கள்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஹைடாங்கில் வருவதெல்லாம் மென்மையான காதல் கதைகள் இல்லை. பச்சையான காட்சிகள் உண்டு, வன்முறையும் உண்டு, படிக்கவே சங்கடமான சங்கதிகளும் உண்டு. ஆண்-பெண் ஆபாசத்துக்கும் சீனாவில் தடைதான். ஆனால் அத்தனையும் கற்பனை. படம் எடுக்கவில்லை, நிஜ மனிதர் யாரும் அதில் பாதிக்கப்படவும் இல்லை. கற்பனைக்குப் பத்தாண்டு என்பது எந்தத் தராசிலும் நிற்காது.

எங்கோ இருக்கும் போலீஸுக்கு என்ன வேலை?

எழுத்தாளர் ஒரு மாகாணம், தளம் தைவான். நடுவில் ஜிஷி எங்கே வந்தது, லான்ஜோ எங்கே வந்தது?

இணையக் குற்றம் என்றால் சீன விதிகளில் எல்லை ரொம்ப அகலம். சர்வர் இருக்கும் இடம், குற்றம் செய்தவர் பயன்படுத்திய கணினி இருக்கும் இடம், பாதிக்கப்பட்டவர் இருக்கும் இடம் என்று பல ஊர் போலீஸுக்கு வழக்குப் போட அதிகாரம் உண்டு. அதனால் ஒரு மூலையில் இருக்கும் ஸ்டேஷன்கூட நாட்டின் இன்னொரு மூலையில் இருப்பவரை வரச்சொல்ல முடிகிறது.

இதற்கு சீனாவில் ஒரு கிண்டல் பெயரே இருக்கிறது: 'தூரக்கடல் மீன்பிடிப்பு'. ரியல் எஸ்டேட் சரிவால் உள்ளாட்சிகளின் நில விற்பனை வருமானம் படுத்துவிட்டது. கஜானாவை நிரப்ப அபராதமும் பறிமுதலும் கைகொடுக்கின்றன. அதனால் பணம் இருக்கும் மாகாணங்களுக்குப் போய் வலைவீசுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. தொழில் நிறுவனங்களிடம் இப்படி நடந்துகொண்டது அளவு மீறிப்போய், மாகாணம் தாண்டிய வழக்குகளுக்கு 2025-ல் மத்திய பொதுப் பாதுகாப்பு அமைச்சகமே கட்டுப்பாடு கொண்டுவந்தது. எழுத்தாளர்கள் நிறுவனம் இல்லையே, அதனால் அவர்கள் கணக்கில் வரவில்லை.

காசு மட்டும்தான் காரணம் என்று முடித்துவிட முடியாது. 2021 செப்டம்பரில் ஒளிபரப்புத் துறை, திரையில் 'பெண்தன்மை கொண்ட ஆண்கள்' கூடாது என்று உத்தரவு போட்டது. தான்மெய் நாவல்களை சீரியலாக்குவதும் நின்றுபோனது. ஆண் என்றால் இப்படி, குடும்பம் என்றால் இப்படி என்று அரசு வரைந்த படத்தில் இந்தக் கதைகளுக்கு இடமில்லை. லான்ஜோவில் நடந்தது காசுக்காகவா, கலாசாரத்துக்காகவா என்று கேட்டால், முன்னது நடக்க பின்னது வழிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு இடைச்செருகல். ஜிஷி சாதாரண ஊர் இல்லை. பழைய இலக்கிய நடையை விட்டுவிட்டு மக்கள் பேசும் மொழியில் எழுதுங்கள் என்று 1917-ல் குரல் கொடுத்த ஹூ ஷியின் பூர்வீக ஊர் அது. இன்றைய சீன நாவல்கள், இணையத் தொடர்கள் எல்லாம் அவர் போட்ட பாதையில் வந்தவைதான்.

பெண்கள் ஏன் ஆண்-ஆண் காதலை எழுதுகிறார்கள்?

பலருக்கும் வரும் கேள்வி. தான்மெய் என்ற சொல்லுக்கு 'அழகில் மூழ்குதல்' என்று அர்த்தம். ஜப்பானிய காமிக்ஸ் வழியாக 1990-களில் சீனாவுக்குள் வந்தது. ஆண்-பெண் காதல் கதை என்றால் வரதட்சணை மாதிரியான பேரம், மாமியார் வீடு, எப்போது குழந்தை என்பதெல்லாம் நிழலாக வந்து நிற்கும். இரண்டு ஆண்கள் என்றால் அந்த மேல்-கீழ் கணக்கு குறைகிறது. இருவரும் சமமாகச் சண்டை போடலாம், சமமாகக் காதலிக்கலாம். இது சீன வாசகிகளே அடிக்கடி சொல்லும் காரணம். தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களில் சிலருக்கு, எங்கள் வாழ்க்கை இப்படி சினிமாத்தனமாக இல்லை என்ற வருத்தமும் உண்டு. அதுவும் நியாயம்தான்.

ஆபத்து ஏன் எப்போதும் கூடவே வருகிறது? சீனாவில் அதற்குத் தணிக்கையும் ஒரு காரணம். பெரிய உள்நாட்டுத் தளமான ஜின்ஜியாங்கில் கழுத்துக்குக் கீழே எதையும் வர்ணிக்கக் கூடாது என்பது விதி. முத்தத்துக்கு மேல் போக முடியாது. அப்போது காதலை எப்படிக் காட்டுவது? ஒருவனுக்காக இன்னொருவன் கத்தி முன்னால் போய் நிற்க வேண்டும். பிரீஸ்ட் என்ற புனைபெயரில் எழுதுபவரின் துப்பறியும் நாவல்கள் இதற்கு நல்ல உதாரணம். ஒரு போலீஸ் அதிகாரி, அவர் சந்தேகப்படும் ஒரு பணக்கார இளைஞன், நடுவில் தொடர் குற்றங்கள். காதல் முழுக்க விசாரணைக்குள்ளேயே நடக்கும்.

2019-ல் வந்த 'தி அன்டேம்ட்' தொடரை நம்மில் பலர் நெட்ஃபிளிக்ஸில் பார்த்திருப்போம். அதுவும் தான்மெய் நாவல்தான். திரைக்கு வந்தபோது காதலர்கள் 'உயிர் நண்பர்கள்' ஆனார்கள். இப்படி மாற்றுவதை 'சோஷலிச சகோதரத்துவம்' என்று ரசிகைகள் நக்கலடித்தார்கள். அதே எழுத்தாளர் மோ ஷியாங் டோங் ஷியூவின் நாவல்கள் ஆங்கிலத்தில் வந்தபோது, 2021 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர் பட்டியலில் இடம்பிடித்தன.

கைதுக்குப் பிறகு என்ன?

சிறை ஒரு பக்கம். அதற்கு முன்பே வரும் தண்டனை வேறு. பல பெண்கள் இப்படி எழுதுவதே வீட்டுக்குத் தெரியாது. போலீஸ் வந்த அன்றுதான் அப்பா அம்மாவுக்கே தெரியவருகிறது. சின்ன ஊர் என்றால் அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கும் தெரிந்துவிடும். நாவலில் நாயகன் எதற்குப் பயந்தானோ, அதே பயம். கிரிமினல் ரெக்கார்டு விழுந்துவிட்டால் அரசு வேலைக் கனவும் போச்சு. சீனாவில் நடுத்தரக் குடும்பங்கள் அந்த வேலைக்கு எவ்வளவு ஏங்குகின்றன என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கேயும் அதே கதைதான்.

வெய்போவில் சில வழக்கறிஞர்கள் இலவசமாக ஆலோசனை சொல்ல முன்வந்தார்கள். வாசகிகள் தாங்கள் படித்த கதைகளைப் பற்றியும், அவை கஷ்ட காலத்தில் எப்படித் துணையாக இருந்தன என்றும் எழுதினார்கள். அந்தப் பதிவுகளிலும் பல நீக்கப்பட்டன. நிறைய எழுத்தாளர்கள் ராத்திரியோடு ராத்திரியாக தங்கள் கணக்கையும் கதைகளையும் அழித்துவிட்டார்கள். பாதியில் இருந்த தொடர்கள் பாதியிலேயே நிற்கின்றன.