ஜன்னல் கண்ணாடி கரண்ட் தருமா?

நான் வேலை பார்க்கும் அலுவலகம் முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். மதியம் மூன்று மணிக்கு மானிட்டரில் வெயில் அடிக்கும். பிளைண்டை இறக்குவோம். இருட்டாகி விடும். உடனே டியூப் லைட்! வெளியே வெயில் வீண், உள்ளே கரண்ட் செலவு. அந்தக் கண்ணாடியே மின்சாரம் தந்தால்?

தரும். அதற்கான பொருள் பெரோவ்ஸ்கைட். 2009ல் ஜப்பானின் மியாசகா குழுவினர் இதில் முதல் சோலார் செல்லைச் செய்தபோது திறன் 3.8 சதவீதம்தான். இன்று ஆய்வகச் செல்கள் 26 சதவீதத்தைத் தாண்டி விட்டன.

இந்த 26ஐப் பார்த்து மயங்கி விடாதீர்கள். அது ஒளி ஊடுருவாத செல்லின் கணக்கு. செல் விழுங்கும் ஒளிதான் மின்சாரமாகிறது. அறைக்குள் விடும் ஒளி அதற்கு நஷ்டம். எனவே இரண்டையும் பெருக்கிப் பார்க்கிறார்கள். திறன் 10 சதவீதம், உள்ளே வரும் வெளிச்சம் 30 சதவீதம் என்றால் விடை 3 சதவீதம். யாராவது ஒரு எண்ணை மட்டும் சொன்னால் மற்றதைக் கேளுங்கள். (மெகாபிக்சலை மட்டும் சொல்லி கேமரா விற்கும் கதைதான்!)

இன்னொரு சிக்கல், செல்லின் பின்புற மின்முனை. வழக்கமாகத் தங்கம் அல்லது வெள்ளி பூசுவார்கள். அதன் வழியே ஒளி போகாது. பதிலாக, நம் எல்.சி.டி. திரைகளில் இருக்கும் இண்டியம் டின் ஆக்சைடைப் பூசலாம். ஆனால் பூசும் வேகத்தில் அடியில் உள்ள மென்மையான அடுக்குகள் கெட்டு விடும். அதனால் முதலில் டின் ஆக்சைடை மெல்லிய கவசமாகப் போடுகிறார்கள்.

இதெல்லாம் தீர்ந்து விடும். என் கவலை ஆயுள்தான். ஈரமும் வெப்பமும் பெரோவ்ஸ்கைட்டுக்கு ஆகாது. சிலிக்கான் பேனலுக்கு 25 ஆண்டு வாரண்டி தருகிறார்கள். சாஃப்ட்வேரில் தவறு இருந்தால் நாங்கள் பேட்ச் அனுப்புவோம். பத்தாவது மாடிக் கண்ணாடிக்கு என்ன அனுப்புவது? சாரம் கட்டித்தான் ஏற வேண்டும். போதாததற்கு உள்ளே ஈயம் வேறு. கண்ணாடி விரிசல் விட்டு மழைநீர் புகுந்தால் கரைந்து வெளியேறலாம்.

12 சதவீதத் திறனோடு 3 ஆண்டு உழைக்கும் கண்ணாடியா, 5 சதவீதத்தோடு 20 ஆண்டு உழைப்பதா? பெருக்கிப் பாருங்கள்: 36, 100. நான் இரண்டாவதைத்தான் கேட்பேன்.

அதனால்தான் 2023 ஆகஸ்டில் ஜப்பானின் புஜிசாவாவில், ஒரு மாதிரி வீட்டின் பால்கனியில் பானசோனிக் இந்தக் கண்ணாடியைப் பொருத்தி, ஓராண்டுக்கு மேல் நீளும் சோதனையைத் தொடங்கியது எனக்கு ஆய்வக ரெக்கார்டுகளை விடப் பெரிய செய்தி.

வீடு கட்டிக் கொண்டிருப்பவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். மொட்டை மாடியில் சிலிக்கான் பேனலையே போடுங்கள். நம் ஊர் உச்சி வெயில் செங்குத்தான ஜன்னலை விட அங்கேதான் நன்றாக விழும்.